அப்பாவும் ஆய்வுக்கூட எலிகளும்

லோஷினியின் அப்பா மணியத்துக்குப் பார்க்கின்சன் நோய். கை தானாக நடுங்கும். நடக்கும்போது கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் சட்டென்று நின்றுவிடும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மாசாய் என்ற ஊரில் உள்ள தங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே இருந்தார். மாத்திரையோடு தினமும் நடைப்பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமளா சித்தி வந்தார். அவருக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்பவே முடியலலா! புரதம் கொடுத்த எலிங்க நல்லா நடக்குதுங்க. பார்க்கின்சன் வந்த எலிங்கன்னே சொல்ல முடியாது!"

மீதியைக் கேட்க லோஷினிக்குப் பொறுமை இல்லை. உள்ளே ஓடினாள்.

"அப்பா! உங்க நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சிட்டாங்க!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. மறுநாள் மாலை, நடைப்பயிற்சி நேரத்தில், அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மருந்துதான் வருதே. இன்னும் எதுக்கும்மா நடக்கணும்?"

அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. கால்கள் அடிக்கடி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. ஒருநாள் குளியலறை வாசலில் வெகுநேரம் அசைய முடியாமல் நின்றார். லோஷினி சித்தியைப் போனில் அழைத்தாள்.

"சித்தி, அந்த எலி மருந்து எப்ப வரும்?"

"அலமாக்!" என்று பதறினார் சித்தி. "அது இப்ப எலிக்கு மட்டும்தான்மா. மூளை செல்லை அந்தப் புரதம் காப்பாத்துதான்னு பார்க்கிறோம். மனுஷங்களுக்கு உதவுமான்னு தெரிய பல வருஷம் ஆகும். உதவாமலும் போகலாம்."

"அப்பாகிட்ட சொல்லிட்டேனே!"

சித்தி கேட்டார்: "நான் வந்து சொல்லவா?"

"வேணாம். நான்தானே சொன்னேன், நானே சொல்றேன்." லோஷினி யோசித்தாள். "எல்லா எலிக்கும் புரதம் கொடுப்பீங்களா?"

"இல்ல. சில எலிங்களைச் சக்கரத்துல ஓட மட்டும் விடுவோம். ஓடுற எலிங்க மூளையில அந்த மாதிரி புரதம் தானாவே கொஞ்சம் கூடுது. மனுஷங்களுக்கும் அப்படித்தான்னு இன்னும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா அப்பா நடக்கிறது நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அது உறுதி."

அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். லோஷினி அதை அணைத்தாள். மருந்தைப் பற்றிய உண்மையைச் சொன்னாள்.

அப்பா நடுங்கும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, இப்போதைக்கு ஒண்ணும் இல்லையா?"

"புது மருந்து இல்லப்பா. நடை இருக்கு. நானும் கூட வரேன்." சக்கரத்தில் ஓடும் எலிகளைப் பற்றியும் சொன்னாள்.

"நான் என்ன எலியா?" அப்பா முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, அதுங்க கூட யாரு ஓடுவா?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

"பாவம் அதுங்க," என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க அவளிடம் கையை நீட்டினார் அப்பா.