செம்மணலுக்குள் போன பழைய பிக்கப்

பனையேறி சுடலைமணி செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டிலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது, பட்டுக்கனி தன் பிக்கப் வண்டியின் டீசல் பம்பைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பி வைத்திருந்தாள். பம்புக்குள் இருந்த ரப்பர் தகடு கிழிந்துபோயிருந்தது. தூத்துக்குடிக்குப் போனால்தான் வேறு வாங்க முடியும்.

சுடலைமணியின் தலைமுடி, புருவம், வேட்டி எல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தன. வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"தங்கச்சி, உன் கொழுந்தன் பனையில இருந்து விழுந்துட்டான். தொடை ஒடிஞ்சி கெடக்கான்."

பட்டுக்கனி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கொழுந்தன் சித்திரைவேல் பனையேறி. பதனீர்க் காலம் முழுவதும் மனைவியோடு தேரிக்குள்ளே இருக்கும் விடிலியில்தான் தங்குவான். விடிலி என்றால் பனையேறிகள் காட்டுக்குள் கட்டிக்கொள்ளும் ஓலைக்குடிசை. சீசன் முடிந்து எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கடைசிப் பதனீரை இறக்க ஏறியவன் வழுக்கி விழுந்திருக்கிறான்.

"ஆம்புலன்சுக்குச் சொன்னியளா அண்ணாச்சி?"

"வந்துட்டு. தார்ரோடு முடியிற இடத்துல நிக்கி. ஆடிக்காத்து பாதையை மூடிட்டு தங்கச்சி. அந்தச் சின்ன சக்கரத்த வச்சிக்கிட்டு மணலுக்குள்ள இறங்க முடியாதுன்னு டிரைவர் சொல்லுதாரு. அவரு சொல்லுததும் நியாயந்தான். நாங்க நாலு பேரு கட்டிலோட தூக்கிப் பாத்தோம். மணல்ல முழங்கால் வரைக்கும் புதையுது. ஒரு ஆளு தடுமாறுனதும் அவன் போட்ட சத்தம் இருக்கே, கேக்க முடியல. திரும்பக் கொண்டுபோய்க் கிடத்திட்டோம்."

"டிராக்டர்?"

"கேட்டேன். பெட்டியில போட்டா ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலும்பு உள்ளயே குத்திக் கிழிச்சிரும்னு நர்சம்மா சொல்லிட்டாங்க. அவுகளும் ரோட்டுலதான் நிக்காங்க. உன் வண்டி ஓடுமா?"

பட்டுக்கனி வண்டியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்துப் பழைய டீசல் வண்டி. கதவுக்குக் கதவு ஒரு நிறம். ஆனால் பின் சக்கரங்களில் பழைய ஜீப் ஒன்றின் அகல டயர்களை அவளே மாட்டியிருந்தாள். காற்று இழுக்கும் குழாயை பி.வி.சி. பைப் போட்டு கேபின் உயரத்துக்கு ஏற்றியிருந்தாள். கொல்லாந்தோப்புகளிலிருந்து முந்திரி ஏற்ற, தேரி ஓரம் வரைக்கும் போய்வந்த வண்டிதான். உள்ளே போனதில்லை.

"ஓட வைக்கேன்" என்றாள்.

பம்பு இல்லாவிட்டால் டீசல் தானாக மேலேறி எஞ்சினுக்கு வராது. அப்படியானால் டீசலையே மேலே வைத்துவிட வேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை கேபின் கூரைமேல் நிற்கவைத்து, பழைய டியூப் பட்டையால் இறுகக் கட்டினாள். அடியில் ஓட்டை போட்டு, ஓஸ் பொருத்தி, பில்டருக்கு நேராக இறக்கினாள். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயையும் மேலே கொண்டுபோய் அதே கேனுக்குள் விட்டாள். அடித் தொட்டியில் இருந்த டீசலை எடுத்து அந்தக் கேனை நிரப்பி, மீதியை இன்னொரு கேனில் பிடித்துப் பின்னால் வைத்தாள். பில்டர்மேல் இருந்த திருகைத் தளர்த்தி, குமிழி விட்டுக்கொண்டிருந்த காற்றெல்லாம் போகும்வரை காத்திருந்து, திருகை முடுக்கிச் சாவியைத் திருப்பினாள். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"சாமான்ல பாதி இன்னும் சாக்கு மேல கெடக்கே" என்றார் சுடலைமணி.

"அது இல்லாமலே ஓடுதுல்லா. ஏறுங்க அண்ணாச்சி."

தார்ரோட்டின் முனையில் கிராமச் செவிலியர் ஏஞ்சலின் பையோடு நின்றிருந்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் கூரைமேல் இருந்த கேனை அண்ணாந்து பார்த்தார். பட்டுக்கனி இறங்கி நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். டயர்கள் தட்டையாகிப் பரந்து உட்கார்ந்தன.

"பஞ்சர் மாதிரி ஆயிட்டே அக்கா" என்றார் ஏஞ்சலின்.

"ஒட்டகத்துக் கால் மாதிரி ஆகணும் சிஸ்டர். அப்பத்தான் மணல் தாங்கும். நீங்களும் ஏறுங்க."

தேரிக்குள் இறங்கியதும் வழி என்று ஒன்று இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல் மேடுகள். அவற்றின் முதுகில் காற்று கோடு கோடாக வரைந்துகொண்டே போனது. போன மாதம் வரை வண்டித்தடம் இருந்த இடத்தில் இப்போது ஆள் உயர மேடு. இடுப்புவரை புதைந்த பனைகள் குட்டைப் பனைகளைப்போல நின்றன. சுடலைமணி அந்தப் பனைகளை வைத்தே திசை சொன்னார். "அந்த ரெட்டைப் பனைக்கு வலப்பக்கம் போ. அங்க அடிமண் கெட்டி."

இரண்டாவது மேட்டில் பின்சக்கரம் சுழன்று புதைந்தது. பட்டுக்கனி உடனே காலை எடுத்துவிட்டாள். மேலும் முறுக்கினால் வண்டி வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். மூன்று பேரும் இறங்கினார்கள். அவள் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்ட, சுடலைமணி காய்ந்த பனையோலைகளை இழுத்துவந்து போட்டார். ஏஞ்சலின் தன் சேலையைச் செருகிக்கொண்டு கையாலேயே மணலை அள்ளினார். ஓலைமேல் டயர் ஏறியதும் சடசடவென்று நொறுங்கியது. வண்டி வெளியே வந்தது. சுடலைமணி மீதி ஓலைகளைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் மூச்சுத் திணறியது. பின்னால் கரும்புகை. பட்டுக்கனி பானெட்டைத் திறந்து ஏர்பில்டரை எடுத்துத் தட்டினாள். ஒரு கைப்பிடி செம்பொடி கொட்டியது. உயர்த்திய குழாயையும் மீறிப் புழுதி உள்ளே போயிருந்தது. தன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, குழாயின் வாயில் சுற்றிக் கட்டினாள். அதன்பிறகு அடிக்கடி ஏஞ்சலின் ஜன்னல் வழியே கை நீட்டி, பாட்டில் தண்ணீரை அந்தத் துண்டின்மேல் தெளித்துக்கொண்டே வந்தார்.

விடிலியை அடைந்தபோது சித்திரைவேல் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் மனைவி லிங்கக்கனி ஓலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு காற்றை மறைத்து நின்றாள். கூடவே இரண்டு பனையேறிகள்.

"மைனி, நீங்களா வந்தீய?" என்றான் அவன்.

"பின்ன யாரு வருவா? பேசாம கெட."

ஏஞ்சலின் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு பாதத்தையும் தொட்டார். எழுந்து பட்டுக்கனியைத் தனியே அழைத்துப்போனார்.

"ஒடிஞ்ச பக்கத்துப் பாதம் குளிர்ந்து போயிருக்கு அக்கா. ரத்தம் சரியா இறங்கல. நேரமாச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும். நான் மட்டை வச்சுக் கட்டிடுவேன். ஆனா ஆடக்கூடாது."

சீவிய பனைமட்டைகள் இரண்டை வைத்து, துணி சுற்றி, ஏஞ்சலின் அவன் காலைக் கட்டினார். சித்திரைவேல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். அதற்குள் பட்டுக்கனி வண்டியின் பின்பக்கம் ஏறி யோசித்தாள். பலகைமேல் கட்டிலை வைத்தால் ஒவ்வொரு பள்ளமும் அவன் தொடையில்தான் இடிக்கும். வண்டியின் மேற்கம்பிச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உறுதியாக இருந்தது. இருக்கைக்குப் பின்னால் பழைய டயர் டியூப் இரண்டு கிடந்தன. அவற்றை அகலப் பட்டைகளாக அறுத்தாள். கட்டிலின் நான்கு மூலைகளிலும் டியூப் பட்டையைக் கட்டி, சட்டத்திலிருந்து தொங்கவிட்டாள். சுடலைமணியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி வண்டியைக் குலுக்கினாள். கட்டில் மெதுவாக மேலும் கீழும் அசைந்தது. பக்கவாட்டில் ஆடியதைக் கயிறு கட்டி நிறுத்தினாள்.

"தொட்டில் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுடலைமணி இறங்கினார்.

சித்திரைவேலைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஏஞ்சலினும் லிங்கக்கனியும் இருபுறமும் உட்கார்ந்தார்கள். சுடலைமணி கேபினை ஒட்டி நின்றுகொண்டார். பனையேறிகள் இருவரும் ஓலைக்கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

காற்று வலுத்திருந்தது. வந்த தடத்தை அது முழுவதுமாக அழித்துவிட்டிருந்தது. முதல் மேட்டை வண்டி சிரமமில்லாமல் ஏறி இறங்கியது. இரண்டாம் கியருக்கு மாற்ற பட்டுக்கனி கிளட்சை மிதித்தாள். மிதி அப்படியே தரையில் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பி வரவில்லை. கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது.

வண்டி முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. ஊர்ந்துகொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. நின்றுவிட்டால் கிளட்ச் இல்லாமல் கியரிலேயே ஸ்டார்ட் பண்ண வேண்டும். கெட்டித் தரையில் அது முடியும். இந்த மணலில் முடியாது.

ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, கிளட்ச் போச்சு. இனிமே வண்டிய நிறுத்த முடியாது. முன்னால ஓடி கெட்டி மண்ணு எங்கன்னு காட்டுங்க. ஓலைக்காரங்கள ஓலையச் சக்கரத்துக்கு முன்னால போட்டுக்கிட்டே வரச் சொல்லுங்க."

சுடலைமணி குதித்து இறங்கி ஓடினார். காலால் மணலை மிதித்துப் பார்ப்பார்; புதைந்தால் கையை ஆட்டுவார்; தாங்கினால் தன் துண்டை உயர்த்துவார். பட்டுக்கனி அந்தத் துண்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். பனையேறிகள் இருவரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் ஓடினார்கள். முன்னால் ஓலையை வீசுவது, சக்கரம் ஏறிப் போனதும் பின்னாலிருந்து பொறுக்குவது, மறுபடி முன்னால் ஓடுவது.

பாதி வழியில் எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி மெலிந்தது. பட்டுக்கனிக்கு உடனே விளங்கியது. மேலே இருந்த கேன் காலியாகிக்கொண்டிருந்தது. காற்று ஒருமுறை குழாய்க்குள் போய்விட்டால் எஞ்சின் அணைந்துவிடும்.

"சிஸ்டர், பின்னால இருக்குற கேன எடுத்து மேல ஊத்தணும். மணலு விழாம."

ஏஞ்சலின் டீசல் கேனைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். லிங்கக்கனி ஒரு கையால் சட்டத்தையும், மறு கையால் அவர் இடுப்பையும் பிடித்துக்கொண்டாள். ஏஞ்சலின் ஆடும் வண்டியில் எழுந்து நின்று, கேனின் வாயைத் தன் சேலை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஊற்றினார். பாதி டீசல் அவர் கையில் வழிந்தது. மீதி உள்ளே போனது. எஞ்சின் பழைய குரலுக்கு வந்தது.

கடைசியாக இருந்தது பெரிய மேடு. சுற்றிப் போனால் உடைமுள் அடர்ந்த காடு. சுடலைமணி மேட்டின் உச்சியில் நின்று, இடது சரிவைக் காட்டித் துண்டை உயர்த்தினார். பட்டுக்கனி நேராக ஏறாமல் குறுக்காக ஏறினாள். உச்சிக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது வேகம் செத்தது. பின்சக்கரம் சுழலத் தொடங்கியது. அவள் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக ஆட்டினாள். முன்சக்கரங்கள் புது மணலைக் கடித்தன. பனையேறிகள் கையில் இருந்த அத்தனை ஓலையையும் சக்கரத்தின் கீழே திணித்துவிட்டு, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சுடலைமணியும் இறங்கிவந்து தள்ளினார். ஓலை எரிந்த வாடை வந்தது. வண்டி ஒரு முழம் நகர்ந்தது. இன்னொரு முழம். பிறகு மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு மறுபக்கம் இறங்கியது.

கீழே ஆம்புலன்ஸின் வெள்ளைக் கூரை தெரிந்தது.

தார்ரோட்டில் ஏறியதும் பட்டுக்கனி ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கியரை மெதுவாக நியூட்ரலுக்கு இழுத்து, வண்டியை நிறுத்தினாள். பின்னால் போய்ப் பார்த்தாள். சித்திரைவேல் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான்.

"வலிச்சுதா?"

"கட்டுனப்ப வலிச்ச மாதிரி வழியில வலிக்கல மைனி."

அன்று மாலையே தூத்துக்குடிப் பெரியாஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. கால் தப்பியது. தொடைக்குள் கம்பி வைத்திருப்பதாகவும், நடக்கலாம், ஆனால் இனி மரம் ஏறக்கூடாது என்றும் டாக்டர் சொன்னார்.

மறுநாள் பட்டுக்கனியும் சுடலைமணியும் பஸ்ஸில் போய், ரோட்டோரத்தில் கிடந்த வண்டிக்குப் புதுக் கேபிள் மாட்டினார்கள். வழியில் போகிறவர்கள் நின்று நின்று வண்டியைப் பார்த்தார்கள். தேரியை ஜெயித்த வண்டி என்று ஒருவர் சொன்னார். வண்டிக்கடியில் படுத்திருந்த பட்டுக்கனி அறுந்த கேபிளைச் சுடலைமணியிடம் நீட்டினாள்.

"பாருங்க அண்ணாச்சி, இழை இழையா விட்டுப்போய் ரொம்ப நாளாயிருக்கு. பெரிய டயர் போட்டேன், பைப்பு வச்சேன். இத ஒரு நாளும் எட்டிப் பாக்கல. நேத்து அவன் பொழச்சது நீங்க மூணு பேரும் ஆறு காலா ஓடுனதுனாலதான்."

தை மாதம் சித்திரைவேல் ஊன்றுகோலோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இனி மேல ஏற முடியாது மைனி. என்ன செய்யதுன்னு தெரியல."

"கீழ படுக்க முடியும்லா?"

அவன் சிரித்தான். பட்டுக்கனி சாக்கை விரித்துப் போட்டு, ஸ்பேனரை அவன் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல கேபிளப் பாரு. எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாரு. அப்புறம் மத்தத."

அவன் ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, மெதுவாக வண்டிக்கு அடியில் நகர்ந்தான்.