மடிப்புக் கலையாத நாற்பது சட்டைகள்

மதியத் தூக்கத்தின் நடுவே வந்து நின்றது அந்த வழக்கு. துப்பறிவாளர் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். அவருடைய மனைவியின் தம்பி, தன்னைத் தானே உதவியாளனாக நியமித்துக்கொண்டவன், அரைத்தூக்கத்தில் எழுந்து கதவைத் திறந்தான். வந்தவர் பழைய துணி திரட்டி வெளிநாட்டு முகாம்களுக்கு அனுப்பும் அறக்கட்டளையின் செயலாளர் அம்மா.

"கப்பல் சாயங்காலம் கிளம்புது சார். உடுத்தின துணிக்கு வரி இல்லை, புதுசுக்கு உண்டு. சுங்க அதிகாரி கிடங்குல ஒரு மூட்டையைப் பிரிச்சாரு. நாப்பது சட்டையும் கடைச் சரக்கு மாதிரி இருக்கு. தானம்னு சொல்லிக் கடத்துறோம்னு எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. அங்கே குளிர் ஆரம்பிச்சாச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"இஸ்திரி போடுறவரு. போன மாசம்தான் சேர்ந்தாரு. எல்லாரும் போனப்புறமும் தனியா இருக்காரு. கேட்டா தலையைக் குனிஞ்சுக்குறாரு. போலீசைக் கூப்பிடப் போறாங்க."

"ஆள் கிடைச்சாச்சு அத்தான்!" என்று குதித்தான் மைத்துனன்.

"முதல்ல இடம் வலமாப் போட்டிருக்கிற செருப்பைச் சரியாப் போடு மாப்ளே."

கிடங்கில் இஸ்திரிப் பெட்டியின் ஆவி மெல்ல மிதந்தது. உயரத்து ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத்தூள் இறங்கவும் மனமில்லாமல் ஏறவும் மனமில்லாமல் அலைந்தது. மேசை நிறையச் சட்டைகள், யாரோ தூங்குவதுபோல் கிடந்தன. கழுத்துப்பட்டைக்குள் அட்டை, மடிப்பில் குண்டூசி. தூக்கக் கலக்கமா கனவா என்று மைத்துனனுக்கே புரியவில்லை.

"நாப்பதும் நாப்பது தினுசு அத்தான்! இந்த நீலக்கோடு போட்டதைக் கொடுத்தா நாளைக்கே போட்டுக்குவேன்."

துப்பறிவாளர் ஒரு சட்டையின் அட்டையை உருவிப் பார்த்தார். பின்புறம் பாதி சோப்புப் படம். மூலையில் கிழித்த சோப்புப் பெட்டிகள் கிடந்தன. சுங்க அதிகாரி மேசையருகே நிற்க, இஸ்திரிக்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் சட்டைக் காலரில் வரிசையாகக் குண்டூசிகள்.

"கடைச் சரக்குன்னா ஒரே தினுசுல பத்து இருக்கும், அளவு மட்டும் மாறும்" என்றார் துப்பறிவாளர், அதிகாரியைப் பார்த்து. "என் மாப்ளே சொன்ன மாதிரி, இங்கே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லை. அட்டை இந்தக் கிடங்கோட சோப்புப் பெட்டி. ஊசி இவரோடது. பழசைத்தான் இவர் புதுசா மடிச்சிருக்காரு."

"ஊகம்" என்றார் அதிகாரி. "பழசுன்னு சாட்சி வேணும்."

"இருக்கே. மாப்ளே, உன் நீலக்கோட்டைப் பிரி. பைக்குள்ள பாரு."

பிரித்தான். பையின் அடியில் மைக்கறை, பேனாவை மூடாமல் செருகியதால் வந்தது. இரண்டு வருடம் போட்டுத் தேய்த்து, இனி ஆகாது என்று அவனே அக்காவிடம் தூக்கிப்போட்ட சட்டை. அவன் முகத்தில் அசடு வழிந்தது.

"உங்க அக்கா இங்கேதான் கொடுத்தா" என்றார் அத்தான்.

அதிகாரி இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு மெனக்கெடுவானேன்?"

"முன்னாடி ஜவுளிக்கடையில மடிக்கிற வேலைங்க. இங்கே அப்படியே கட்டினாப் போதும்னாங்க." சட்டைக் காலர் ஊசிகளைத் தடவிக்கொண்டார். "பிரிக்கிறவங்களுக்கு, அடுத்தவங்க கழிச்சதுன்னு தோணக் கூடாதுன்னுதான்."

செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதிகாரி அனுமதி முத்திரையை எடுத்தார்.

மைத்துனன் நீலக்கோட்டை மார்போடு பிடித்து நின்றான். திருப்பிக் கேட்கலாமா என்று ஆசை. பிறகு இரண்டு கைகளாலும் இஸ்திரிக்காரரிடம் நீட்டினான்.

"நான் கலைச்சுட்டேன் அண்ணே. பழையபடி மடிச்சுக் கொடுங்க."