ஏழாம் நம்பர் கட்டில்

காலை பத்தேகாலுக்கு மேனேஜரின் போன் அலறியது.

ஆஸ்பத்திரியிலிருந்து. ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்த அவருடைய மாமனார்... போய்விட்டார்!

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த நிமிடமே இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே டெஸ்டர் பெண்.

ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பட்டியல் போடும் சாஃப்ட்வேர் இந்தக் கம்பெனியுடையது. பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் சிவப்பு காட்டும் டெஸ்ட் அவள் எழுதியது.

மேனேஜர் கேட்காமலே பொரிந்து தள்ளினார்.

"மருந்து பத்து மடங்கு ஏறியிருக்கு மேடம். 'அளவு'ங்கற கட்டத்த ஒப்பிடாதேன்னு டெஸ்டுல எழுதினதே இவதான். பதிவு இவ பேர்லதான் இருக்கு, பாருங்க."

இருந்தது. நேற்று மாலை, அவள் பெயரில். கொலைப் பழி... ஆயுள் முழுக்க கம்பிதான்!

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"என் பேர்ல அத எழுதினவருக்கு என் டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னே தெரியல மேடம்."

வெறும் எழுத்தாக ஒப்பிட்டால் வரிசை மாறினாலே சிவப்பு வரும். அதனால் அவளுடைய டெஸ்ட் ஒவ்வொரு கட்டமாக உள்ளே இறங்கிப் பார்க்கும். ஒரு கட்டத்தை விடச் சொன்னால் முழு முகவரி தர வேண்டும். நோயாளி, அவருக்குள் மருந்து, அதற்குள் அளவு. மொட்டையாக 'அளவு' என்றால் சட்டையே பண்ணாது.

மூன்று மீட்டிங்கில் இதை விளக்கியிருந்தாள். மூன்றிலும் மேனேஜர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். புரோகிராம் எழுதுவதை விட்டு எட்டு வருஷமான மண்டை!

"அதனால காலைல எட்டு மணிக்கே சிவப்பு மேடம். பட்டியல அனுப்பாம நிறுத்திட்டு உங்களுக்குப் போன் பண்ணேன்."

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்போ... மாமா?"

"செத்துட்டார்னு உங்களுக்குச் சொல்லச் சொன்னது நான்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "பத்து மடங்குன்னு எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னா?"

வீட்டை மருமகன் பெயரில் எழுத மாட்டேன் என்று மாமனார் சொன்னதையும் இன்ஸ்பெக்டர் விசாரித்து வைத்திருந்தார்.

விலங்கு மேனேஜரின் கையில் விழுந்தது.

"கொஞ்சம் மெதுவாவே இறங்குங்க சார். உங்க மாமனார் அடம்பிடிச்சு என் ஜீப்ல ஏறி வந்து கீழ நிக்கறார்... ஒத்தக் கால்ல. ஒரு செருப்பு கையில இருக்கு!"