நைனாவின் மாடும் மாமாவின் விமானமும்

மரியசெல்வி வீட்டுக்கு அதுவரை தந்தி வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்று வந்தது. தபால்காரர் துரைக்கண்ணு படித்துச் சொல்வதற்குள் அம்மா அழவே தொடங்கிவிட்டாள்.

"சனிக்கிழமை காலை ஏழு மணி விமானத்தில் டில்லியிலிருந்து புறப்படுகிறேன். திண்டிவனத்துக்கு வண்டி அனுப்பவும். அடைக்கலராஜ்."

நல்ல செய்திதான். அடைக்கலராஜ் மாமா அம்மாவின் தம்பி, டில்லியில் விமான மெக்கானிக். மரியசெல்வியின் தம்பிப்பாப்பாவுக்கு, ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பனாக அவர்தான் இருக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். ஞானஸ்நானமோ இந்த ஞாயிறு மாலை. சாமியார் மாதம் ஒரு முறைதான் செஞ்சிக்கு வருவார்.

மரியசெல்வி நைனா என்று கூப்பிடும் அப்பா, மாட்டுவண்டி ஓட்டுபவர். அவர் விரல்விட்டு எண்ணினார். டில்லியிலிருந்து ரயிலில் வந்தாலே இரண்டு நாள்; விமானம் மட்டும் அதைவிட எவ்வளவு முன்னால் வந்துவிடப் போகிறது? திண்டிவனம் பஸ்ஸும் பழுதாகி நிற்கிறது. திங்கட்கிழமை வண்டி போனால் போதும், ஞானத்தகப்பனாகப் பங்காளி இருதயநாதனை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மரியசெல்விக்குப் பாவமாக இருந்தது.

அவளுக்கு விமானம் என்றால் உயிர். மாமாவின் கடிதங்கள் எல்லாம் மனப்பாடம். ராஜகிரி மலைக்கு மேலே எப்போதாவது ஒரு விமானம் பறந்தால், சாப்பிடுகிற சோற்றை விட்டுவிட்டு ஓடுவாள். மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூட நிலப்படத்தை விரித்து, டில்லிக்கும் விமானம் இறங்கும் மதராஸுக்கும் நடுவே நூல் பிடித்து அளந்தாள். ஆயிரத்து நூறு மைல்.

நைனா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, நம்ம மாடு மணிக்கு எத்தினி மைல் போவும்?"

"மூணு மைல். ஏன்?"

"மாமா ஏறுற பிளேன் நூத்தி அறுவது மைல் போவுதாம். ஏழு மணி நேரத்துல மதராசு வந்துடும்."

நைனா சிரித்தார். "ஏழு மணி நேரமும் ஒரே மூச்சா ஓடுமா? அதுக்கும் நடுவுல தண்ணி காட்ட வேணாமா?"

"நாகப்பூர்ல நிறுத்தி பெட்ரோல் ஊத்துவாங்களாம். அதுக்கு ஒரு மணி நேரம் சேத்துக்கோ. இன்னிக்கு மூணு மணிக்கு மதராசு. ராத்திரி ரயில்ல திண்டிவனம். நாளைக்குக் காலைல அங்க வண்டி நிக்கலன்னா மாமா இன்னா பண்ணுவாரு?"

நைனாவின் சிரிப்பு நின்றது. நூலை வாங்கி நிலப்படத்தில் தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார். பிறகு மாடுகளை வண்டியில் பூட்டினார். போகும்போது, மாமா வரவில்லை என்றால் இனி நூல் பக்கமே போகக் கூடாது என்று மிரட்டிவிட்டுத்தான் போனார்.

ஞாயிறு காலையிலிருந்து மதியம் வரை மரியசெல்வி திண்டிவனம் சாலையிலேயே நின்றாள். நைனாவின் வண்டி வந்தது. உள்ளே புழுதி படிந்த சட்டையோடு மாமா.

"டில்லிலேர்ந்து மதராசு எட்டு மணி நேரம். திண்டிவனத்துலேர்ந்து செஞ்சிக்கு ஆறு மணி நேரம்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

நைனா விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம மாட்டுக்கு பெட்ரோல் வேணாமில்ல."

மாலையில் கோயிலில் மாமா குழந்தையை ஏந்தி நின்றார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெளியே வந்ததும் மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து மரியசெல்வியிடம் நீட்டினார். காது அடைக்காமலிருக்க விமானத்தில் கொடுத்ததாம்.

அவள் அதைக் கடிக்கவே இல்லை. நேற்றுக் காலை டில்லியில் இருந்த மிட்டாய், இன்று மாலை செஞ்சியில் அவள் நாக்கில் மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது.