மூன்றாவது இருக்கையில் ஒரு பெட்டி

"ரொட்டியைக் கடிச்சது நீதான்னு ஒத்துக்கோயேன்டா—"

"சத்தியமா நான் தொடல, கிளெப் அர்க்காதியெவிச்! நீங்கதான் தூக்கக் கலக்கத்துல—"

"நானா? இந்தக் காய்ஞ்சதையா? என் மாமியார் சுட்டதையே நான் தொட்டதில்ல."

விண்வெளி நிலையத்தை விட்டுக் கிளம்புகிறவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காக மேசையில் ரொட்டியும் உப்பும் கட்டி வைத்துவிட்டுப் போவது வழக்கம். நேற்று இவர்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது ரொட்டி முழுசாக இருந்தது. இப்போது ஓர் ஓரத்தைக் காணோம். கடித்த இடத்தில் பல் பதிந்திருந்தது. ஊசி ஊசியாக, நெருக்கமாக.

நசாருக்கு அந்தப் பெட்டியின் ஞாபகம்தான் வந்தது. மூன்றாவது ஆளை இறக்கிவிட்டு, அவன் இருக்கையில் ராணுவம் கட்டி அனுப்பிய பெட்டி. உள்ளே என்னவென்று கேட்கக்கூடாது. வானொலியில் அதன் பேச்சையே எடுக்கக்கூடாது. நிலையத்தில் போய்க் காத்திருங்கள், உத்தரவு வரும் என்றார்கள். பெட்டி இன்னும் வந்த கலத்திலேயே, திறந்த வட்டக் கதவுக்கு அப்பால், இருட்டில் கிடந்தது.

"முத்திரை உடையலடா. போய்ப் பாத்துட்டேன்."

"அப்போ அதுல காத்து ஓட்டை எதுக்கு? உயிரில்லாத சாமானுக்கு மூச்சு எதுக்கு?"

கமாண்டர் கிளெப் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தின குழு சொன்ன நாளுக்கு முன்பே தரையிறங்கியதும், அவர்களைப் பார்க்க அவர்கள் பெண்டாட்டிகளைக்கூட விடாததும் இருவருக்கும் தெரியும்.

விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கு அடியில் ஈரத்துணியைத் தகரத்தில் இழுப்பதுபோல ஓர் உரசல் கேட்டது, நசார் மூச்சைப் பிடித்தால் அதுவும் நின்றது, விட்டால் அதுவும் தொடர்ந்தது, ரப்பரும் வேர்வையும் கலந்த பழகிய வாடைக்குள் மழையில் நனைந்த நாயின் வாடை நுழைந்திருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியவில்லை. அவன் மனைவி ஓக்சானாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்குள் வந்துவிடுவதாக அவள் வயிற்றில் கைவைத்துச் சொல்லியிருந்தான்.

விளக்கு மங்கியது. உரசல் நெருங்கியது.

நசார் பாய்ந்து வட்டக் கதவைச் சாத்தினான்.

"பைத்தியக்காரா! அந்தக் கலத்துலதானேடா வீட்டுக்குப் போகணும்!"

"பெட்டி அந்தப் பக்கமே கிடக்கட்டும்!" கைப்பிடியைச் சுற்றி நாடாவை வெறியோடு இறுக்கினான். முடிச்சின் மேல் முடிச்சு.

கிளெப் மறுகோடிக்கு மிதந்துபோய் வானொலியைப் பிடித்தார். விதியாவது மண்ணாவது என்று பெட்டியைப் பற்றியே கேட்டார். வெறும் கரகரப்பு. பிறகு ஒரு கிழட்டுக் குரல், தயங்கித் தயங்கி.

"பெட்டியில ஒண்ணுமில்லப்பா. காலி. முந்தினவங்க அங்க விட்டுட்டு வந்ததை அதுல அடைச்சுக் கொண்டு வரத்தான் அனுப்பினோம். உங்க கண்ணுல படுற வரைக்கும் சொல்ல வேண்டாம்னு உத்தரவு. என்ன ஆனாலும் கலத்துக் கதவை மட்டும் சாத்திடாதீ—"

நிலையம் வானொலி எல்லையைத் தாண்டியது. குரல் அறுந்தது.

நசார் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். இரண்டு கைகளாலும். நகம் பிய்ந்தது. அவிழவில்லை. நாய் வாடை. உரசல் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை.

அந்தக் கோடியிலிருந்து கமாண்டர் நிதானமாகச் சொன்னார்:

"பயப்படாதடா, நசார். முதல்ல என் தோள்லேர்ந்து கையை எடு."