மாத்திரை அட்டை மயில்

"யாரு பாப்பா நீ? யாரைப் பாக்கணும்?"

வாசலில் நின்று என்னை இப்படிக் கேட்டவர் வேறு யாருமில்லை. என்னைப் பெற்ற நைனாதான்!

அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். நைனா விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோலப் பார்த்தார்.

"நைனா, நான்தான் தேவிப்பிரியா!"

"ஆங்... தேவி..." என்றார். எனக்கு அந்த 'ஆங்'கில் நம்பிக்கையே இல்லை. உள்ளே ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

என் நைனா சாமிநாதனுக்கு ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வேலை. தினமும் திருத்தணியிலிருந்து பஸ்ஸில் போய் வருவார். தறி ஓடும்போது பஞ்சுத்தூசி பறக்கும், நைனாவுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். ஆனால் மறதி மட்டும் வரவே வராது. எங்கள் தெருவில் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று கேட்டால்கூடச் சொல்வார்!

அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் ஆளே மாறிவிட்டார். செருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். வேலைக்குப் போகிறேன் என்று அரக்கோணம் பஸ்ஸில் ஏறிவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"முப்பத்தெட்டு வயசுல இப்படி ஆவுமா?" என்று அம்மா விம்மினாள். "தறியில கைய வுட்டுட்டா என்னா பண்றதுன்னு முதலாளி வேலைக்கே வரவேணாம்னுட்டாரு. பொழுது விடிஞ்சதும் டாக்டரம்மாகிட்ட போலாம்."

நைனாவுக்கு என்னைத் தெரியாமலேயே போய்விட்டால்? அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது. மனதைத் திருப்ப, பள்ளிக் கண்காட்சிக்காக நான் செய்துகொண்டிருந்த மயிலை எடுத்தேன். முருகன் ஊரில் மயிலைத் தவிர வேறு என்ன செய்வது? உடம்பு களிமண். நைனா தூக்கிப் போடும் காலி மாத்திரை அட்டைகள்தான் தோகை. ஓர் அட்டை, ஓர் இறகு.

போன மாதம் மூன்றே இறகுகள் இருந்தன. இப்போது எண்ணினேன். இருபத்தொன்று!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர் அட்டைக்குப் பத்து மாத்திரை. ஒரே மாதத்தில் பதினெட்டு அட்டை, நூற்றெண்பது மாத்திரையா? மறுபடியும் எண்ணினேன். அதே இருபத்தொன்றுதான்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறம், மூன்று பெயர். ஆனால் பெயருக்குக் கீழே எறும்பு அளவில் ஒரு வரி இருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தேன். மூன்றிலும் ஒரே வரி!

காலையில் மயிலோடு கிளம்பினேன்.

"டாக்டர்கிட்ட யாராவது பொம்மைய தூக்கினு வருவாங்களாடி?" என்றாள் அம்மா. நான் மயிலை விடவில்லை.

டாக்டர் மணியம்மை நைனாவைச் சோதித்துவிட்டு, "வேற மாத்திரை எதனா போடறாரா?" என்று கேட்டார்.

"தும்மலுக்கு ஒண்ணு, அவ்ளோதாங்க," என்றாள் அம்மா.

நான் மயிலை மேசைமேல் வைத்தேன். இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுக்கினேன்.

"இதெல்லாம் ஏதுங்க?" என்றார் டாக்டர்.

நைனா தலையைச் சொறிந்தார். "பச்சை, தும்மலுக்கு இங்க கடையில வாங்கினது. சிவப்பு, எங்க அக்கா வூட்டுக்காரரு, நகரி பாவா குடுத்தது. ஆந்திரா மாத்திரைதான் மூக்கடைப்புக்கு நல்லா கேக்கும்னாரு. நீலம் தூக்கத்துக்கு."

"மூணும் ஒரே மருந்துங்க! தெனம் எத்தனை போடறீங்க?"

"சரியா தெரியலைங்க. போட்டேனா இல்லியான்னு மறந்துடும். எதுக்கு வம்புன்னு இன்னொண்ணு போட்டுக்குவேன்."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். மறதியைக் கொடுத்ததே மாத்திரை. அந்த மறதியே இன்னொரு மாத்திரையையும் போட வைத்திருக்கிறது!

"தும்மல் மாத்திரைக்கும் மூளைக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஆர்.கே.பேட்டை பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் புடிப்பாங்களே, பாத்திருக்கியா?"

"நானே போட்டிருக்கேன்!"

"மூளையிலயும் சீட்டு மாதிரி இடம் இருக்குது. ஏற்பின்னு பேரு. ஞாபகத்துக்கான சேதி வந்து அதுல உக்காரணும். இந்த மருந்து தும்மலையும் நிறுத்தும், அந்த சீட்டுலயும் துண்டு போட்டுடும். ஒரு துண்டுன்னா பரவாயில்ல. பஸ் முழுக்கப் போட்டா? சேதி ஏறும், உக்கார இடம் இல்லாம எறங்கிடும்."

"துண்டை எடுத்துட்டா?"

"மறுபடி வந்து உக்காரும். சீட்டு ஒண்ணும் ஒடையல," என்று டாக்டர் சிரித்தார். "இருந்தாலும் ரத்தமும் ஸ்கேனும் பாத்துடலாம். எப்படி நிறுத்தணும்னு நான் சொல்றேன். நீங்களா எதையும் போடாதீங்க."

சோதனையில் வேறு கோளாறு எதுவும் இல்லை. மூக்குக்கு வேறு மருந்தும், தறிக்குப் போகும்போது கட்டிக்கொள்ள முகக்கவசமும் கொடுத்தார். முதல் இரண்டு நாள் நைனா மந்தமாகவே இருந்தார். எனக்குப் பகீரென்றது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்.

கண்காட்சியில் தோகையில்லாத மயிலைத்தான் வைத்தேன். "கோழி நல்லாருக்குது," என்றான் என் வகுப்புத் திலீப். போகட்டும்.

மாத்திரையை நிறுத்திய பத்தாம் நாள் கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று வெளியே ஒரு குரல் அதிர்ந்தது.

"தேவிப்பிரியா! சாப்பாட்டு டப்பாவ வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியே, உனக்கு ஞாபகமே கெடையாதா?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நான் ஓடிப்போய் நைனாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். டப்பாவை வாங்கவே தோன்றவில்லை.

"இன்னொரு வாட்டி திட்டு நைனா," என்றேன்.