பின்னால் நிற்பவன்

எடை தூக்கும் இரும்புத் தட்டு கதகதப்பாக இருந்தது. சுடவில்லை, யாரோ இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு இப்போதுதான் கீழே இறக்கின மாதிரி ஒரு சூடு. ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை, சிமெண்ட் தரை பாதத்தில் சில்லென்று ஏறியது, சுவரைத் தொட்டால் ஈரம் ஒட்டியது. அந்த வீட்டில் சூடாக இருக்கக்கூடிய ஒரே பொருள் அடுப்பு, அதையும் எட்வர்ட் மத்தியானமே அணைத்திருந்தார். கை சில்லிட்டுக் கிடந்தால் எதைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வலது முழங்காலை மாற்றி மாதக்கணக்காகிவிட்டது. நடை வந்துவிட்டது, தொடையில்தான் பலம் வரவில்லை. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து பழக வேண்டும், நெஞ்சில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்தால் போதும் என்று பயிற்சி கொடுக்கும் மோனிகா சொல்லியிருந்தாள். கும்மிடிப்பூண்டி ஆலை ஆட்களுக்குள் நடந்த பளுதூக்கும் போட்டியில் பேர் வாங்கினவரிடம் போய்த் தண்ணீர் பாட்டிலா! எட்வர்ட்டுக்கு ரோஷம் வந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்ததிலேயே சின்னத் தட்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மகள் பிரின்சி வேப்பம்பட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவேன், நீயாக எழுந்து நின்றால் இங்கேயே இரு, இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு கிளம்பு என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அங்கே போனால் ஹாலில் ஒரு கட்டில் போடுவாள், எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். மனைவி விக்டோரியா கண்ணை மூடிய வீடு இது. தானும் இங்கேயேதான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார்.

தட்டு கடையில் வாங்கியதல்ல. உருக்காலை ஷெட்டுக்குப் பின்னால் ஆட்களே ஒரு ஜிம் வைத்திருந்தார்கள். ஆலையில் மிச்சம் விழும் துண்டுகளை லேத்தில் கடைந்து எடுத்ததுதான் எல்லாத் தட்டும். ஓய்வு பெற்றபோது எட்வர்ட் சிலதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு முறை உண்டு. தூக்குகிறவன் எண்ணவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. பின்னால் ஒருத்தன் நின்று ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவன் ‘போதும்’ என்றால்தான் இறக்கலாம். எட்வர்ட்டுக்குப் பின்னால் நின்றவன் ராஜமாணிக்கம்.

ராஜமாணிக்கம் இரும்பு உருக்கும் பர்னஸில் விழுந்தான். எடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆறின இரும்பில் ஒரு கட்டியை வெட்டிக் கொடுத்தார்கள். அதைப் பெட்டியில் வைத்து, ஜெபம் சொல்லி, கல்லறையில் புதைத்தார்கள். மீதி இரும்பு என்னவானது என்று யாரும் கேட்கவில்லை, அடுத்த ஷிப்டே ஆலை ஓடியது. ஜிம்முக்குப் புதுத் தட்டுகள் வந்தது அதற்கு முன்னாலா பின்னாலா என்பது எட்வர்ட்டுக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தொடை நடுங்கிவிட்டது. பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். மறுபடியும் அப்படியே. நாளைக்கு மகள் முன்னாலும் இப்படித்தான் விழப்போகிறோம் என்று அழுகை வந்தது. பேச ஆளில்லாத வீட்டில், பழைய பழக்கத்தில், வாய் தானாகச் சொன்னது.

“மாணிக்கம், சொல்லுடா.”

தகரத்தில் மழைச் சத்தம். அப்புறம், பிடரியில் மூச்சு படும் தூரத்தில், தணிந்த குரலில்:

“இன்னொண்ணு.”

எழுந்துவிட்டார். அவர் கால் எழுப்பவில்லை. அக்குளில் கை கொடுத்து யாரோ தூக்கினார்கள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பயந்தார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். விக்டோரியா போன பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்க யார் இருந்தார்கள்? கொஞ்ச நேரத்தில் குரல் “போதும்” என்றது. அன்று அவர் தட்டைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுபோனது. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிரின்சி வீடியோவில் கூப்பிட்டு, போனை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் செய்து காட்டச் சொன்னாள். தனியாகச் செய்ய எட்வர்ட்டுக்கு நம்பிக்கை இல்லை. உதடு அசையாமல், “சொல்லுடா” என்றார்.

“இன்னொண்ணு.”

எழுந்தார். போனில் பிரின்சி கை தட்டினாள்.

“இன்னொண்ணு.”

உட்கார்ந்தார், எழுந்தார். எங்கோ மயிர் கருகும் நாற்றம். தட்டு நெஞ்சைச் சுட்டது. முழங்காலுக்குள் வைத்த உலோகமும் சுட்டது. தட்டைக் கீழே போடப் பார்த்தார். விரல் பிரியவில்லை. அவர் விரல்களின் மேல் வேறு விரல்கள்.

“சூப்பர் பா,” என்றாள் பிரின்சி. அவளுக்கு அவரைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“பிரின்சி... நீ வா... என்ன கூட்டிக்கினு போ...” மூச்சு இரைத்ததில் பாதிதான் வெளியே வந்தது.

“இன்னாத்துக்குப் பா? நீதான் நல்லா எழுந்துக்கிறியே. நான்தான் உன்ன சும்மா பேஜார் பண்ணிக்கினு இருந்தேன். அது உன் ஊடு. நீயே இரு, இனிமே கூப்பிட மாட்டேன்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

“இன்னொண்ணு.”

“போதும்டா, மாணிக்கம்.”

“இன்னொண்ணு.”

தொடை கிழிந்தது. கால் ஓயவில்லை. கத்தினார். மழை. அணைந்த போனின் கறுப்புக் கண்ணாடியில் கிழவர் ஒருவர் தெரிந்தார். அவர் தோள்களுக்கு மேலாகப் பின்னாலிருந்து நீண்ட இரண்டு கைகள், நெஞ்சில் கோத்தபடி, பழுக்கக் காய்ந்த சிவப்பில். முழங்கையிலிருந்து இரும்பு சொட்டியது. சொட்டின இடத்தில் சட்டை புகைந்தது. கிழவர் உட்கார்ந்தார். எழுந்தார்.